சும்மா கிடக்கிற லப்டொப் ஏன் இப்பிடி இரையுது?

ஒண்டுமே திறக்கேல்லை. பிரவுசர் இல்லை, பாட்டு இல்லை. ஆனால் ஃபேன் மட்டும் விசர் பிடிச்சமாதிரி இரையுது. வெள்ளவத்தையில ஏசி இல்லாத மூண்டாம் மாடி அறையில, மத்தியானம் ரெண்டு மணிக்கு மனிசருக்கே வேர்த்து ஊத்துது. அந்த நேரம் பார்த்து இந்த லினக்ஸ் டெஸ்க்டொப்புக்கு அப்பிடி என்ன தலைபோற வேலை?

இதைக் கேட்டால் உடன வாற பதில்கள் இருக்கே, அதுகள்தான் இன்னும் கடுப்பு. "ரேம் கூட்டுங்கோ." "எஸ்எஸ்டி போடுங்கோ." "போர்மட் பண்ணி வேற டிஸ்ட்ரோ, அதாவது வேற லினக்ஸ் பதிப்பு, போடுங்கோ." பம்பலப்பிட்டிப் பக்கம் திருத்தக் குடுத்தால் கேளாமலே விண்டோஸ் அடிச்சுத் தந்துவிடுவினம். லினக்ஸ் தெரிஞ்சவையின்ர பதில் அதைவிட மோசம்: "டொப் அடியுங்கோ, மேல நிக்கிறதுக்கு கில் மைனஸ் 9 குடுங்கோ." டொப் எண்டது ஓடுற நிரல்களை சீபீயூ பாவனை வரிசையில காட்டுற கட்டளை, கில் மைனஸ் 9 எண்டது ஒண்டை உடன கொல்லுறது. மேல நிக்கிறது என்ன ப்ரொசஸ், அதாவது ஓடுற நிரல், ஆர் அதைத் தொடக்கினது, எந்த ஃபைலில சிக்கி நிக்குது எண்டு ஒரு நாயும் கேக்கிறேல்லை.

முதல்ல அளக்கிறதை ஒழுங்கா அளவுங்கோ. ப்ரொசஸ்களைப் பட்டியல் போடுற பீஎஸ் கட்டளை காட்டுற சீபீயூ வீதம் இப்ப நடக்கிற கூத்து இல்லை. அந்த ப்ரொசஸ் பிறந்ததில இருந்து எடுத்த சீபீயூ நேரத்தை, அது உயிரோட இருந்த நேரத்தால பிரிச்ச சராசரி. நாள்கணக்காச் சும்மா கிடந்துட்டு இப்பதான் கொதிக்கத் தொடங்கினது அதில கீழ ஒளிச்சு நிக்கும். இப்போதைய நிலைமை வேணுமெண்டால் டொப்தான். அதிலயும் 100 எண்டது முழு மெஷின் இல்லை, ஒரு கோர். நாலு கோர் இருந்தால் 400 வரைக்கும் ஏறும். 1 எண்ட விசையை அமத்தினால் கோர் கோராப் பிரிச்சுக் காட்டும். சின்ன சீ அமத்தினால் முழுக் கட்டளையும் தெரியும்.

டொப்பின்ர மேல் பகுதியில டபிள்யூஏ எண்டு ஒரு எண் நிக்கும், அதை ஆரும் பாக்கிறேல்லை. அது கூடவா இருந்தால் ப்ரொசசர் உழைக்கேல்லை, டிஸ்குக்காகக் காத்து நிக்குது. எத்தினை வேலை வரிசையில நிக்குதெண்டு சொல்லுற லோட் அவரேஜும் அப்பிடித்தான்: லினக்ஸில டிஸ்குக்குக் காத்து நிக்கிறதுகளையும் சேர்த்துத்தான் கணக்கு. பழைய சுழல் ஹார்ட் டிஸ்கை வச்சுக்கொண்டு ப்ரொசசரைத் திட்டுறவை கனபேர். ரேம் நிரம்பினால் இடம் ஒழிக்கிற கேஸ்வாப்டீ0 உச்சத்தில நிண்டால் மட்டும் அந்த ரேம் ஆலோசனைக்காரர் சொல்லுறது சரியா இருக்கலாம்.

சரி, டொப்பில அனேகமா ஆர் மேல நிக்கிறது? ஃபைல் தேடலுக்கான இன்டெக்சர், அதாவது அட்டவணை போடுற நிரல். க்னோம் எண்ட டெஸ்க்டொப்பில ட்ராக்கர் மைனர், ட்ராக்கர் எக்ஸ்ட்ராக்ட் எண்ட சோடி. க்னோம் 47 வந்தபோது அதின்ர பேரையும் லோக்கல்சேர்ச் எண்டு மாத்திப்போட்டினம், பழைய குறிப்பை வச்சுத் தேடுறவைக்குக் கூடுதல் கரைச்சல். கேடீஈ எண்ட மற்ற டெஸ்க்டொப் பாவிக்கிறவைக்கு பலூ. உங்கட ஆவணங்கள், படங்கள், பாட்டுகள் எல்லாத்தையும் திறந்து வாசிச்சு ஒரு தரவுத்தளத்தில பதியிறதுதான் அதுகளின்ர வேலை. வருஷத்தில ஒருக்காவது அந்தத் தேடல் பெட்டியில ஒரு சொல்லு அடிக்கிற ஆள் எத்தினை பேர்? ஆனால் மெஷின் மட்டும் எல்லாருக்கும் சூடாகும்.

நல்ல ஃபைல்களெண்டால் ஒருக்கா வாசிச்சு முடிச்சு அடங்கிவிடும். பிரச்சினை வாறது பாதியில அறுந்த பீடீஎஃப், ஜீபீ கணக்கில இருக்கிற மின்னஞ்சல் பேக்கப், ஆவணங்கள் கோப்புறைக்குள்ள அவிழ்த்துப் போட்ட லட்சக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் இப்பிடியானதுகளால. உள்ளடக்கத்தை உருவுற ப்ரொசஸ் அதில முட்டி விழும். பின்னணிச் சேவைகளைக் கவனிக்கிற சிஸ்டம்டீ அதைத் திரும்பத் தொடக்கும். திரும்ப அதே வேலை. இந்த நேரத்தில கில் மைனஸ் 9 அடிச்சு என்ன பிரயோசனம்? நீங்கள் கொண்டது ப்ரொசஸை. வேலைப்பட்டியல் அப்பிடியே கிடக்கு, நிரல்களுக்கிடையில சேதி கடத்துற டீபஸ் ஒருக்காக் கூப்பிட்டால் ஆள் திரும்ப எழும்பும்.

உடன சூடு தணியவேணுமெண்டால் கொல்லாதேங்கோ, உறைய வையுங்கோ. கில் கட்டளைக்கு 9க்குப் பதிலா ஸ்டொப் எண்ட சிக்னல். ப்ரொசஸ் சாகேல்லை, அதால ஒருத்தரும் அதைத் திரும்பத் தொடக்க வரமாட்டினம். சீபீயூ மட்டும் பூச்சியத்துக்கு வரும். உங்கட வேலை முடிஞ்சாப் பிறகு, தொடரச் சொல்லுற கொண்ட் சிக்னல் குடுத்து விட்டுவிடலாம்.

அடுத்தது, எந்த ஃபைல் எண்டு பிடிக்கிறது. /ப்ரொக்/ க்குள்ள அந்த ப்ரொசஸ் எண்ணின்ர கோப்புறை இருக்கு, அதுக்குள்ள எஃப்டீ. எல்எஸ் மைனஸ் எல் அடிச்சால் இப்ப திறந்து வச்சிருக்கிற ஃபைலெல்லாம் வரிசையா வரும். கண்ணுக்கு அகப்படாத வேகமெண்டால் ஒரு ப்ரொசஸ் இயங்குதளத்தைக் கூப்பிடுறதையெல்லாம் காட்டுற எஸ்ட்ரேசை அந்த எண்ணில கொளுவி, ஃபைல் திறக்கிற ஓபன்அட் அழைப்பை மட்டும் வடிச்சுப் பாருங்கோ. அதே ஃபைல் பேர் திரும்பத் திரும்ப வந்தால் திருடன் அதுதான். ஒவ்வொருக்காவும் புதுப் பேர் ஓடினால் அது ஒழுங்கா வேலை செய்யுது. இரவில சார்ஜில போட்டு விட்டுட்டுப் படுங்கோ. கேடீஈயில இவ்வளவு பாடும் இல்லை, பலூசீடிஎல் மொனிட்டர் அடிச்சால் அதுவே சொல்லும். கேடீஈயின்ர ப்ளாஸ்மா 6 பதிப்பில அந்தக் கட்டளையின்ர கடைசியில ஒரு 6 சேருங்கோ.

பிடிச்சாப் பிறகு அந்தக் கோப்புறையை விலக்கவேணும். க்னோமில செட்டிங்ஸ், சேர்ச், சேர்ச் லொக்கேஷன்ஸ். ஒரேயொரு கோப்புறைதான் சிக்கல் எண்டால் புள்ளியில தொடங்குற ட்ராக்கர்இக்னோர் எண்ட வெறும் ஃபைல் ஒண்டை அதுக்குள்ள போட்டால் காணும், அந்தப் பக்கமே போகாது. கேடீஈயில ஃபைல் சேர்ச் பக்கத்தில "உள்ளடக்கத்தையும் இன்டெக்ஸ் செய்" எண்ட புள்ளடியை எடுத்துவிட்டால் பேரை மட்டும் பதியும். பாதிக்கு மேல வியாதி அதோட போகும். தரவுத்தளமே பழுதெண்டால் ட்ராக்கர்3 ரீசெட்டை (க்னோம் 47இல இருந்து லோக்கல்சேர்ச் ரீசெட்) ஃபைல்சிஸ்டம் தெரிவோட ஓட்டுங்கோ. பலூவுக்கு டிசேபிள், பர்ஜ், எனேபிள், இதே ஒழுங்கில. உங்கட ஃபைல் ஒண்டும் அழியாது, அட்டவணை மட்டும்தான் அழியும்.

தேடலே வேண்டாமெண்டால் சிஸ்டம்டீக்குக் கட்டளை குடுக்கிற சிஸ்டம்சீடிஎல்லை யூசர் தெரிவோட எடுத்து அந்த சர்வீசை மாஸ்க் பண்ணுங்கோ, ஆரும் தொடக்கேலாமல் பூட்டுறது அது. ஸ்டொப் காணாது, டிசேபிளும் காணாது, காரணம் மேல சொன்ன டீபஸ். கோவத்தில பக்கேஜையே கழட்டப் போறவை, சம்மதத்துக்கு வை எண்ட விசையை அமத்த முன்னம் அந்தப் பட்டியலை ஒருக்கா வாசியுங்கோ. க்னோமின்ர ஃபைல் மனேஜர் நோட்டிலஸும் சேர்ந்து போகும், சிலவேளை டெஸ்க்டொப்பில பாதியும் போகும்.

"அது குறைஞ்ச முன்னுரிமையில ஓடுது, உங்கட வேலைக்கு இடைஞ்சல் இல்லை" எண்டு சொல்லுறவை இருக்கினம். ஐரோப்பாவில குளிர் அறையில இருந்து எழுதின நியாயம் அது. ஆகக் குறைஞ்ச முன்னுரிமையான நைஸ் 19இல ஓடினாலும் வெறுமையா இருக்கிற கோரை அது முழுசாத்தான் எடுக்கும், சூடு அதே சூடு. அறையில 31 டிகிரி, ஃபேன் துவாரத்தில காலி வீதித் தூசி. சிப் தன்ரை வேகத்தைத் தானே குறைக்கும். அப்ப நீங்கள் திறந்து வச்சிருக்கிற பிரவுசரும் சேர்ந்துதான் இழுபடும். நம்பாட்டில் வெப்பநிலையைக் காட்டுற சென்சர்ஸ் கட்டளையை ஓட விட்டுட்டுப் பாருங்கோ. இன்டெல் சிப்பில /சிஸ்/ க்குள்ள ஒவ்வொரு கோருக்கும் தெர்மல் த்ரொட்டில் கோப்புறை இருக்கு, அதுக்குள்ள சூட்டால வேகம் குறைச்ச எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

கரண்ட் கட்டையும் விடேலாது. 2025 பெப்ரவரி 9, பாணந்துறைத் துணைமின்நிலையத்தில குரங்கு பாய்ஞ்சு நாடே இருண்டது. பட்டரி செத்த லப்டொப்புகளெல்லாம் அந்த நொடியே விழுந்திருக்கும். அப்பிடி விழுந்து எழும்பினதும் என்ன நடக்கும்? குறிச்ச நேரத்தில வேலை தொடக்குற சிஸ்டம்டீ டைமர்களில கனக்க பெர்சிஸ்டன்ட் எண்டு குறிச்சது. தவறின வேலையை பூட் ஆனதும் செய்து தீர்க்கப் பாக்கும். மென்பொருள் நிறுவுற அப்ட்டின்ர புதுப்பிப்பு, ஃபைல் பேர் தேடுற லொக்கேட்டின்ர அட்டவணை, கட்டளை விளக்கமான மேன் பக்கங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில. சிஸ்டம்சீடிஎல் லிஸ்ட் டைமர்ஸ் அடிச்சால் எது எப்ப ஓடினதெண்டு தெரியும். இதுகள் கொஞ்ச நேரத்தில தானா அடங்கும். அவசரப்பட்டு அப்ட்டை நடுவில வெட்டினால் பக்கேஜைப் பதியிற டீபிகேஜி உடைஞ்சு வேற தலையிடி.

கேர்னலுக்காக (லினக்ஸின்ர மையம்) வேலை செய்யிற கேவர்க்கர் நிரந்தரமா மேல நிண்டால் அது இன்டெக்சர் இல்லை, அனேகமா வன்பொருள் ஓயாமல் ப்ரொசசரைக் கூப்பிடுற இன்டரப்ட் மழை. /சிஸ்/ஃபெர்ம்வெயார்/ஏசிபிஐ/இன்டரப்ட்ஸ் க்குள்ள ஜீபீஈ ஃபைல்களில எந்த எண் பறக்குதெண்டு பாருங்கோ.

அதோட, கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ் எண்டு ஒரு கேர்னல் திரெட் உண்மையிலயே இருக்கு. அதின்ர பேரின்ர வாலில ஆங்கில ஐ ஒண்டு ஒட்டிக்கொண்டு நிண்டால் அது உங்கட மெஷினில களவா நாணயம் தோண்டுற கிரிப்டோ மைனர். உண்மையான கேர்னல் திரெட்டின்ர தாய் எண் 2, பீஎஸ்ஸில சதுர அடைப்புக்குள்ள நிக்கும், /ப்ரொக்/ இல அதின்ர எக்ஸீ இணைப்பு எங்கயும் போகாது. அந்த இணைப்பு டெம்ப் கோப்புறையைக் காட்டினால் முதல்ல வைஃபையை நிப்பாட்டுங்கோ.

டெஸ்க்டொப் செய்யிறவையிட்டக் கேக்கிறது ஒண்டுதான். கேடீஈயில ஃபைல் சேர்ச் பக்கத்தில எத்தினை வீதம் முடிஞ்சுதெண்டும் காட்டி, நிப்பாட்டி வைக்க ஒரு பொத்தானும் வச்சிருக்கினம். க்னோமிலயும் அந்தப் பொத்தானை வையுங்கோவன்.