கீழே நின்றவர்களைப் பேச விடுங்கள்

பெரியப்பாவும் பழைய விமானப்படைக் கூட்டாளிகளும் திருகோணமலை டச்பே கடற்கரையில் கூடிக் கதைக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் இடையில் புகுந்து, "ஐயா, நீங்கள் என்ன விமானம் ஓட்டினீர்கள்?" என்று கேட்டுவிடுகிறார். எனக்கு வயிறு எரிகிறது. "நாங்கள் கீழே நின்ற ஆட்கள், தம்பி" என்றதும் கேட்டவரின் முகம் சுருங்கிவிடும். கை கைப்பேசிக்குப் போய்விடும். அத்தோடு கதையும் அறுந்துவிடும்.

போன கிழமை அறுந்தது எப்பேர்ப்பட்ட கதை! சீனக்குடா விமானப்படைத் தளத்துக்குப் புதிதாக வந்த பையனிடம், சிப்மங்க் விமானத்தின் காற்றாடி தள்ளும் காற்றை ஒரு வாளியில் பிடித்துவரச் சொல்லி அனுப்பினார்களாம். அவன் வாளியைச் சாக்கால் இறுக மூடிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து, "கையெழுத்துப் போட்டு வாங்குங்கள் அண்ணை, களஞ்சியத்தில் கணக்குக் கேட்கிறார்கள்" என்றானாம். கிழவர்கள் கண்ணீர் வரச் சிரித்தார்கள்.

சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, எண்ணெய் அளப்பது, ஓடுபாதையில் கிடக்கும் ஆணியைப் பொறுக்குவது எல்லாம் இவர்கள் வேலைதான். ஒரு திருகாணி தளர்ந்தாலும் மேலே போனவரின் உயிருக்கு ஆபத்து. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் திருகோணமலையில் குண்டு வீசியபோது எதிர்த்துப் பறந்த ஹரிக்கேன் போர் விமானங்களைப் பற்றி ஊரே பேசுகிறது. அவற்றுக்கு எரிபொருள் நிரப்பியவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

தயவுசெய்து கதையை முடிக்க விடுங்கள். கேட்டே ஆகவேண்டுமென்றால், வாளியில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேளுங்கள்.