மாசி வீதிகளைத் தோண்டும்போது கடைக்காரரையும் பாருங்கள்

பழைய நகர மையங்களைப் புதுப்பிப்பதால் வியாபாரம் பெருகும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பெருகட்டும். ஆனால் வேலை முடியும்வரை கடைக்காரர் எப்படித் தாக்குப்பிடிப்பார்? மதுரையில் ஸ்மார்ட் சிட்டி வேலைகள் நடந்தபோது பார்த்தோமே! மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளில் பள்ளம், மண்மேடு. கடை வாசலில் ஒரு பலகையைப் பாலம் போலப் போட்டிருப்பார்கள். வயதானவர்கள் அதைப் பார்த்ததுமே திரும்பிப் போய்விடுவார்கள். பெரியார் பேருந்து நிலையத்தையும் இடித்துவிட்டு 2021 கடைசியில்தான் திறந்தார்கள். அதை நம்பிப் பிழைத்த சிறு கடைகளுக்கு அது எவ்வளவு நீண்ட காலம்!

அந்தக் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபம் இன்னொரு பாடம். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தைக் காப்பாற்ற, அங்கிருந்த தையல்காரர்கள், புத்தகக் கடைகள், பாத்திரக் கடைகளைப் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரம் என்ற மாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். மாற்று இடம் கொடுத்தது சரியான முடிவு. அப்புறம் வாடிக்கையாளருக்கு வழிகாட்டப் பெரிய பலகைகளும் வேண்டுமே. மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின் ஓடுவதைப் பார்த்துப் பழகியவர்கள் மாடியேறித் தேடுவார்களா?

இனியாவது ஒரு வீதியை முழுக்கத் தோண்டாமல் பகுதி பகுதியாக முடியுங்கள். குழாய், கேபிள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டுவிடுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் முன்னால் புதுப் பள்ளம் வேண்டாம். மாநகராட்சிக் கடைகளுக்கு வேலை நடக்கும் மாதங்களின் வாடகையைத் தள்ளுபடி செய்யுங்கள். ஒப்பந்தம் போடும்போதே இதையும் எழுதிவிடுங்கள்.