பாலியல் ஆசை அதிகம் என்றாலே அடிமையா?

"எனக்கு எப்பவும் அதே நினைப்பா இருக்கு, அடிமை ஆயிட்டேனா?" என்று யாராவது கேட்டால், உடனே "வாரத்துக்கு எத்தனை தடவை?" என்று விசாரிக்கிறோம். அந்த எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் 'கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு' இருக்கிறது. ஆனால் அதை மது, சூதாட்டம் போன்ற அடிமைத்தனங்களோடு சேர்க்கவில்லை; உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளில் வைத்திருக்கிறார்கள். வேலை, உடல்நலம், உறவு போன்றவை கெட்டும் தொடர்ந்தோ, பலமுறை விட முயன்றும் முடியாமலோ, 6 மாதமோ அதற்கு மேலோ நீடித்தால்தான் அந்தப் பெயர். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு வரி: 'இது பாவம், தப்பு' என்ற உறுத்தல் மட்டுமே வேதனைக்குக் காரணம் என்றால், அது கோளாறு ஆகாது. தன்னை அடிமை என்று சொல்லிக்கொள்ளும் பலரிடம் நான் பார்ப்பது அந்த உறுத்தலைத்தான்.

அதற்காக, ஆசைக்குப் பின்னால் எப்போதும் ஏதோ மன ஏக்கமோ ஆறாத காயமோ இருக்கிறது என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. (இப்போதெல்லாம் தும்மினாலும் குழந்தைப் பருவத்தில் காரணம் தேடுகிறார்கள்.) மனம் சோர்ந்தால் பெரும்பாலோருக்கு ஆசை வற்றிவிடும், சிலருக்கு அப்போதுதான் கூடும். தனிமை, பதற்றம், சண்டை, அவமானம் என்று ஒவ்வொன்றுக்குப் பிறகும் கை அங்கேயே போகிறதென்றால், முடிந்ததும் நிம்மதிக்குப் பதில் வெறுமைதான் மிஞ்சுகிறதென்றால், அங்கே தேடப்படுவது உடல் சுகம் மட்டும் அல்ல. அப்படிப்பட்டவரை 'கட்டுப்படுத்து' என்று அதட்டிப் பயனில்லை. முதலில் தனிமைக்கு வழி பார்க்க வேண்டும்.

இரண்டிலும் சேராதவர்களும் உண்டு. நன்றாகத் தூங்குகிறார்கள், வேலை பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள். ஆசை மட்டும் கொஞ்சம் தூக்கல். துணைக்கு அந்த அளவு இல்லை என்றால், வீட்டில் ஒருவர் 'அடிமை', மற்றவர் 'ஜடம்' ஆகிவிடுகிறார். உண்மையில் இருவருக்கும் நோய் இல்லை, அளவுதான் ஒத்துப்போகவில்லை. பேசித்தான் தீர்க்க வேண்டும். வேண்டாம் என்பவரை வற்புறுத்த 'என் மன ஏக்கம்' என்பது சாக்கு ஆகாது.

திடீரென்று ஆசை பல மடங்கு கூடினால் மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயில் (bipolar), அந்த உற்சாகக் கட்டத்தில் அப்படி ஆகலாம். கை நடுக்கம் வரும் பார்க்கின்சன் நோய்க்குத் தரும், மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் போல வேலை செய்யும் சில மாத்திரைகளாலும் ஆகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பலருக்கு அது அடங்கிவிடும்.