2008 ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டை மறந்துட்டீங்களே

பெரிய டீம்தான் ஒமாஹாவுல ஜெயிக்கும்னு கட்டுரைல எழுதியிருக்கீங்க, அங்க நடந்த 2008 காலேஜ் வேர்ல்ட் சீரிஸை, அதாவது அமெரிக்க காலேஜ் பேஸ்பால் சாம்பியன்ஷிப்பை, ஒரு தடவை பாருங்க சார். ஃப்ரெஸ்னோ ஸ்டேட் அவங்க ரீஜனல்ல (நாலு டீம் மோதுற முதல் சுற்று) தரவரிசைப்படி நாலாவது சீட், அதாவது கடைசி, அந்த சீசன்ல மட்டும் 31 மேட்ச் தோத்த டீம். மூணு மேட்ச் ஃபைனல்ல ஜார்ஜியாகிட்ட முதல் மேட்ச் 7-6னு தோத்தாங்க, ரெண்டாவதுல 5-0னு பின்தங்கி இருந்துட்டு 19 ரன் அடிச்சாங்க பாருங்க, அப்பா! மூணாவதுல 6-1னு ஜெயிச்சு சாம்பியன் ஆனாங்க, அந்த ஆறு ரன்னும் அவங்க டீம் டெட்வைலர் ஒருத்தரே கொண்டு வந்தது, கட்டைவிரல் தசைநார் கிழிஞ்ச கையோட ரெண்டு ஹோம் ரன். கடைசி கேட்ச்சும் ரைட் ஃபீல்டுல அவர் கிளவுஸ்லதான் வந்து விழுந்துச்சு. இப்ப நினைச்சாலும் புல்லரிக்குது.