கோ 0238 கரும்பைக் கொன்றது யார்?

உத்தரப் பிரதேசத்தில் கோ 0238 கரும்பு செவ்வழுகல் நோயில் போய்விட்டது என்ற பேச்சு வந்தாலே நம் ஆட்களிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. ‘ஒட்டு ரகம் என்றாலே இப்படித்தான். விஞ்ஞானிகள் எதையோ கலந்து கொடுத்தார்கள், விவசாயி மாட்டிக்கொண்டான். நாட்டுக் கரும்புக்கே திரும்ப வேண்டும்.’ கரும்பு போடும் குடும்பத்திலிருந்து வந்தவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு. விஞ்ஞானிகள் மேல் இல்லை, இந்தத் தீர்ப்பின் மேல்.

முதலில் அந்த ரகத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்துக்கு அரியானாவில் கர்னால் என்ற ஊரில் ஒரு மண்டல மையம் இருக்கிறது. அங்கே பக்ஷி ராம் என்ற விஞ்ஞானி உருவாக்கி, 2009இல் வெளிவந்தது கோ 0238. பெயரில் உள்ள ‘கோ’ கோயம்புத்தூரைக் குறிக்கும். வட இந்தியாவில் அதுவரை இருந்த ரகங்கள் ஒன்று விளைச்சல் தரும், இல்லையென்றால் சர்க்கரை தரும். இது இரண்டையும் தந்தது. உத்தரப் பிரதேச ஆலைகளில் 100 கிலோ கரும்புக்கு 9 கிலோ சொச்சம் கிடைத்த சர்க்கரை சில ஆண்டுகளில் 11 கிலோவைத் தாண்டியது. ஆலை முதலாளிக்கும் லாபம், கரும்பு போட்டவனுக்கும் லாபம். 2020 வாக்கில் அந்த மாநிலத்தின் கரும்பு நிலத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்த ஒரே ரகம்தான் நின்றது. பக்ஷி ராமுக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான்.

என் கண்ணை உறுத்துவது அந்த 80 சதவீதம்.

செவ்வழுகலைப் பக்கத்தில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நன்றாகப் பச்சையாக நிற்கிற தூரில் மேலிருந்து மூன்றாவது, நான்காவது தோகை மஞ்சளாகிக் காயத் தொடங்கும். தண்ணீர் பற்றவில்லை போலிருக்கிறது என்று மடையைத் திறந்துவிடுவோம். அது வேறு வம்பு, நோய் தண்ணீரோடும் போகும். சந்தேகப்பட்டு ஒரு கரும்பை வெட்டி நீளவாக்கில் பிளந்தால் உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கும். அந்தச் சிவப்புக்கு நடுவே குறுக்கே வெள்ளைத் திட்டுகள். இந்தத் திட்டு இருந்தால் செவ்வழுகல்தான், வேறு சந்தேகமே வேண்டாம். மூக்குக்குக் கொண்டுபோனால் புளித்த சாராய வாடை. கொலெட்டோட்ரைக்கம் ஃபால்கேட்டம் என்ற பூஞ்சையின் வேலை இது. கரும்பில் சேர்ந்திருக்கும் சர்க்கரையை அது உடைத்துவிடுகிறது. அந்தச் சாற்றைக் காய்ச்சினால் வெல்லம் உருட்ட வராது, ஆலைக்கு அனுப்பினால் படிகம் கட்டாது. கரும்பின் புற்றுநோய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, நாட்டுக் கரும்புக்குத் திரும்பினால் இது போய்விடுமா? இந்தியாவில் இந்த நோயை முதலில் பதிவு செய்தது 1901இல், கோதாவரி டெல்டாவில். அப்போது கோ ரகம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது, கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சியும் கிடையாது. வயலில் நின்றதெல்லாம் அந்தக் காலத்துக் கரும்புதான். அதைத்தான் பூஞ்சை தின்றது. பதிவு செய்தவர் சி. ஏ. பார்பர், சென்னை மாகாண அரசின் தாவரவியலாளர். பின்னால் 1906இல் பட்லர் என்பவர் விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

இதே பார்பரைத்தான் 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு நிபுணராக உட்காரவைத்தார்கள். வட இந்திய வயல்களுக்குக் கரும்பு உருவாக்க ஏன் கோயம்புத்தூர்? வடக்கே கரும்பு ஒழுங்காகப் பூத்து விதை பிடிப்பதில்லை. கோயம்புத்தூரில் பூக்கும், பிடிக்கும். விதை என்றால் பஞ்சு போல ஒன்று, ஊதினால் பறந்துவிடும். ‘வெள்ளை’ என்ற தடித்த, இனிப்பான கரும்போடு ஆற்றோரம் தானாக முளைத்துக் கிடந்த காட்டுக் கரும்பை ஒட்டுச் சேர்த்தார் பார்பர். அந்தக் காட்டுக் கரும்பில் சர்க்கரை பேருக்குத்தான் இருக்கும். ஆனால் வறட்சி, குளிர், நோய் எதற்கும் லேசில் சாகாத ஜாதி. அந்தச் சேர்க்கையில் பிறந்து 1918இல் பஞ்சாபுக்குப் போனது கோ 205. அங்கிருந்த மெலிந்த கரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது. பார்பருக்குப் பின் டி. எஸ். வெங்கட்ராமன் அந்த வேலையை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தினார். 1930களில் ஜானகி அம்மாள் என்ற தாவர விஞ்ஞானி அங்கே இருந்துகொண்டு கரும்பை மக்காச்சோளத்தோடும் சோளத்தோடும் சேர்த்துப் பார்த்துக் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே அடங்காது.

இந்தப் பெருமையை எல்லாரும் எழுதுகிறோம். அதற்கு அடுத்த பக்கத்தை எழுதுவதில்லை. கோ 213 என்ற ரகம் பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் ஓகோவென்று பரவியது. 1930களின் கடைசியில் செவ்வழுகல் வந்து வயல் வயலாக அழித்தது. நம் பக்கம் கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் கோசி 671. சீக்கிரம் முதிரும், அபாரமான சர்க்கரை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் ‘671 மாதிரி வராது’ என்பார்கள். அதையும் 80களிலும் 90களிலும் இதே நோய் காலி செய்தது. இப்போது கோ 0238. ஊரும் எண்ணும் மாறுகின்றன, நடப்பது மட்டும் அச்சு அசலாக ஒன்றேதான்.

காரணம் பெரிய ரகசியமில்லை. கரும்பை விதை போட்டா நடுகிறோம்? தண்டைத் துண்டு துண்டாக, கரணையாக வெட்டி நடுகிறோம். அப்படியானால் ஒரு ரகத்தின் கோடானுகோடிக் கரும்பும் உண்மையில் ஒரே செடியின் துண்டுகள். ஒன்றுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் எதற்குமே இல்லை. கூடவே, கரணைக்குள் நோய் பதுங்கியிருந்தால் வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. பக்கத்து வயலில் செழிப்பாக நிற்கிறதே என்று விதைக்கரும்பு வாங்கி டிராக்டரில் ஏற்றும்போது பூஞ்சையும் சேர்ந்து ஏறிக்கொள்கிறது. அப்புறம் மறுதாம்பு விட்டால், அதாவது வெட்டிய தூரிலிருந்தே மறுபடி கரும்பு வளரவிட்டால், அது நிலத்திலேயே குடியிருந்துவிடும்.

அப்படியென்றால் ரகத்தை வெளியிடும்போது சோதிக்கவில்லையா என்று கேட்கலாம். நன்றாகவே சோதித்தார்கள். அந்தச் சோதனை எப்படி என்று தெரிந்துகொள்வது நல்லது. வளர்ந்த கரும்பில் கீழிருந்து மூன்றாவது கணுவிடையில் துளை போடுவார்கள். பூஞ்சை வித்துகள் கலந்த நீரில் இரண்டு சொட்டு அதற்குள் விட்டு, களிமண் மாதிரி ஒன்றை வைத்து அடைப்பார்கள். 60 நாள் கழித்துப் பிளந்து, சிவப்பு எவ்வளவு அகலம் பரவியது, கணுவைத் தாண்டியதா, வெள்ளைத் திட்டு உண்டா, உச்சித் தோகை காய்ந்ததா என்று பார்த்து 0 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். கோ 0238 அப்போது வடக்கே புழங்கிய பூஞ்சை இனங்களுக்கு எதிராகச் சோதிக்கப்பட்டு, ‘நடுத்தர எதிர்ப்பு’ என்று சான்று வாங்கியது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சான்று அன்றைய பூஞ்சைக்கு எதிரான சான்று. ஒரு மாநிலம் முழுக்க ஒரே கரும்பைப் பரப்பி வைத்தால், அதை மட்டும் தின்னத் தெரிந்த ஒரு புது இனம் எங்காவது ஒரு மூலையில் தோன்றினால் போதும். அதற்கு எல்லா வயலும் திறந்த வீடு. தோன்றியது. சிஎஃப் 13 என்று எண் போட்டார்கள்.

‘ஜீனைக் கண்டுபிடித்துச் செருக வேண்டியதுதானே’ என்பது படித்த நண்பர்களின் கேள்வி. நெல்லில் அது ஓரளவு நடக்கிறது. நெல்லுக்கு 24 குரோமோசோம். கரும்புக்கு நூற்றுக்கு மேல். காட்டுக் கரும்பையும் இனிப்புக் கரும்பையும் சேர்த்ததில் ஒவ்வொன்றுக்கும் பல நகல்கள், அவை ஒன்றுபோலவும் இல்லை. ரீயூனியன் தீவின் ஆர் 570 என்ற ரகத்தின் மரபணுத் தொகுதியை முழுசாக வாசித்து வெளியிட்டதே 2024இல்தான். அதில் பழுப்புத் துரு நோயைத் தடுக்கும் ப்ரூ1 என்ற ஜீன் இருக்குமிடத்தை நெருங்கிவிட்டார்கள், பெரிய விஷயம். செவ்வழுகலுக்கு அப்படி ஒற்றைப் பூட்டு எதுவும் கைக்கு வரவில்லை. பல ஜீன்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்குகிற எதிர்ப்பு அது. அதனால் இன்னும் பழைய வழிதான்: ஒட்டுச் சேர்த்து, ஆயிரக்கணக்கில் நாற்று வளர்த்து, துளை போட்டுப் பிளந்து, கழித்துக் கழித்து ஒரு ரகத்தை எடுக்கப் பன்னிரண்டு பதினான்கு வருடம் ஆகிறது. பூஞ்சைக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

இதை வைத்துக்கொண்டு நான் சொல்ல வருவது ஒன்றுதான். கோ 0238ஐக் கொன்றது ஆராய்ச்சிக் குறை இல்லை, விலை. உத்தரப் பிரதேசத்தில் முன்முதிர்ச்சி ரகத்துக்கு, அதாவது சீக்கிரம் முதிரும் ரகத்துக்கு, குவிண்டாலுக்கு 10 ரூபாய் கூடுதல் விலை. கோ 0238 அந்த வகை. 2023-24 பருவத்தில் சாதாரண ரகத்துக்கு 360 ரூபாய், முன்முதிர்ச்சிக்கு 370. விளைச்சலும் இந்த ரகத்தில்தான் அதிகம், ஆலையும் இதைத்தான் கேட்டது, அரசும் விலையைக் கூட்டி வைத்தது என்றால் எந்த விவசாயி வேறு ரகம் நடுவான்? நானாக இருந்தாலும் நட மாட்டேன். ‘பல ரகம் கலந்து நடுங்கள்’ என்று மேடையில் சொல்வது சுலபம். இரண்டாவது சிறந்த ரகத்தை நடுகிறவனுக்கு ஏக்கருக்குச் சில டன் குறையும். அந்த நஷ்டம் யார் தலையில்? அவன் ஒதுங்கி நடுவதால் நோய் மெதுவாகப் பரவுகிறது, அந்த நன்மை ஊர் முழுக்கப் போகிறது, ஆலைக்கும் போகிறது. செலவு மட்டும் அவனுடையது. இந்தக் கணக்கைத் தீர்க்காமல் விவசாயிக்கு விழிப்புணர்வு முகாம் நடத்துவது வீண்வேலை. தன் எல்லைக்குள் ஒரு ரகம் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று ஆலையைக் கட்டுப்படுத்த வேண்டும். மாற்று ரகம் நடுகிறவனுக்கு அந்த 10 ரூபாயைத் திருப்பி விட வேண்டும்.

இன்னொன்று. ரகம் கண்டுபிடித்தவருக்கு விருது உண்டு. வெளியான பிறகு வருடா வருடம் வயலுக்குப் போய், தோகை மஞ்சளான கரும்பைப் பிளந்து, பூஞ்சை மாறிவிட்டதா என்று பார்க்கிற நோயியல்காரர்களை யாருக்குத் தெரியும்? ஆர். விஸ்வநாதன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கோயம்புத்தூரில் இருந்தபடி செவ்வழுகல் பற்றியும் மஞ்சள் இலை வைரஸ் பற்றியும் நீண்டகாலம் வேலை செய்தவர். நம் ஊரில் ‘ரகம் கிழடாகிவிட்டது’ என்று சொல்வோமே, அதில் பெரும்பங்கு இந்த வைரஸ் கரணை வழியாக வருடா வருடம் சேர்ந்துகொண்டே போவதுதான். வளர்நுனித் திசுவிலிருந்து நோயற்ற நாற்று எடுத்தால் அதே ரகம் மறுபடி நிமிர்கிறது. புது ரகத்துக்குக் கிடைக்கும் விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால்கூட விதைப்பண்ணைகள் உருப்படும். எங்கள் பக்கத்து ஆலை ஒன்றில் ‘சான்று பெற்ற விதைக்கரும்பு’ என்று கொடுத்தது எந்த வயலில் வெட்டியது என்று கேட்டால், பீல்டுமேன் வானத்தைப் பார்க்கிறார்.

நம் ஊர் நிலைமை வேறில்லை. 2000இல் வெளிவந்த கோ 86032 இன்னும் தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் முழுக்கப் பரந்து கிடக்கிறது. அருமையான ரகம், எதையும் தாங்கும், மறுதாம்பு நன்றாக வரும். அதன் பெற்றோரில் ஒன்று, செவ்வழுகலில் போன அதே கோசி 671. இதுவரை தாக்குப் பிடித்திருக்கிறது என்பதைச் சந்தோஷமாகச் சொல்லலாம். ஆனால் கோ 0238ஐயும் பத்து வருடம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொல்லி, வரும் பட்டத்தில் பாதி நிலத்திலாவது கோ 11015 என்ற வேறு ரகத்தைப் போடலாம் என்றேன். பொறுமையாகக் கேட்டார். “நீ சொல்றது எல்லாம் சரிப்பா. 671 போனப்ப நான்தான் வயலைக் கொளுத்தினேன், எனக்குத் தெரியாதா? ஒரு ஓரமா அரை ஏக்கர் போட்டுப் பார்க்கிறேன். மீதிக்கு 86032தான். மகசூல் குறைஞ்சா ஆலைக்காரன் குடுப்பானா, நீ குடுப்பியா?”