ஏப்ரல்ல பெட்டூனியா விதைக்காதீங்க

மேல ஒரு அண்ணா, 'செடிக்கு நடுவுல காலியா இருந்தா பெட்டூனியா விதை தூவுங்க, 20 நாள்ல பூத்து ரொம்பிடும், வெயிலும் தாங்கும்'னு போட்டிருக்காரு. தப்புங்கண்ணா. அந்த விதை தூள் மாதிரி இருக்கும், வெளிச்சம் பட்டாதான் முளைக்கும், மண்ணு போட்டு மூடினா போச்சு, முளைச்சும் பூ வர ரெண்டரை மூணு மாசம் ஆகும். நம்மூர்ல அது குளிர்கால செடி வேற, அக்டோபர்ல ஆரம்பிச்சா அழகா வரும், வேலூர் மே மாசம் 40 டிகிரி தாண்டுற வெயில்ல வெச்சா கருகிடும் (நானும் காட்பாடில ஒரு வருஷம் பட்டுட்டேன்).

இப்போதைக்கு ஜினியா, ஆரஞ்சு காஸ்மாஸ், துலுக்க சாமந்தி இதுல எதையாவது நேரா மண்ணுலயே போடுங்க, ரெண்டு மாசம் முன்ன பின்ன பூ வந்துடும். ஜினியாவ பிடுங்கி நட்டா முறைச்சிக்கும், அதனால நாத்து வேணாம். ரெண்டு மாசம் பொறுக்க முடியாதுன்னா டேபிள் ரோஸ்தான், பக்கத்து வீட்ல நாலு குச்சி ஒடிச்சி சொருகுங்க, விதையே தேவையில்ல, தண்ணி மட்டும் தேங்க விடாதீங்க. காசித்தும்பையும் சீக்கிரம் வரும், ஆனா மதிய வெயில் படாத எடமா பாத்து வைங்க.