சந்தன எண்ணெய்க்குக் காகிதச் சோதனை ஒத்துவராது

"காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் கறையில்லாமல் பறந்துவிடும், அதுதான் சுத்தமான சத்தியமங்கலம் சந்தன எண்ணெய்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லைங்கண்ணா. அந்தச் சோதனை நீலகிரித் தைலத்துக்குச் சரி. சந்தன எண்ணெய் மரத்தின் வைரத்திலிருந்தும் (நடுவிலுள்ள கெட்டிப் பகுதி) வேரிலிருந்தும் ஆவியில் வடிப்பது. கெட்டியாக, லேசான மஞ்சளாக இருக்கும், மெதுவாகத்தான் ஆவியாகும். மறுநாளும் காகிதத்தில் தடமும் மணமும் நிற்கும். சில நிமிடத்தில் பறந்துவிட்டால்தான் கரைப்பான் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். தேங்காய் எண்ணெய் கலந்ததும் கறை வைக்கும் என்பதால் கறையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஐந்து மடங்கு 70 சதவீத ஆல்கஹாலில் நல்ல எண்ணெய் தெளிவாகக் கரையும், தேங்காய் எண்ணெய் சேர்ந்தது கலங்கும். ஆனால் செயற்கை மணப்பொருள் இதிலும் தப்பிவிடும். அதற்கு ஆய்வகம்தான் வழி: ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரப்படி, சந்தன மணத்துக்கு முக்கியமான பொருள்களில் ஆல்ஃபா சாண்டலால் 41 முதல் 55, பீட்டா சாண்டலால் 16 முதல் 24 சதவீதம் இருக்க வேண்டும். விற்பவரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள்.